கறுப்பு நிறத்தை நம்பாதீங்கோ

கறுப்புச் சொக்லேட் பற்றிய ஒரு கட்டுரை, "70 வீதம் கொக்கோ என்றால் வாங்கலாம்" என்று சொன்னது. அந்தக் கருத்து அரைவாசிதான் சரி. உறையின் பின்பக்கத்தைப் பாருங்கோ. சேர்பொருட்களில் சீனி முதலில் நின்றாலோ, கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் பாம் எண்ணெய் இருந்தாலோ திருப்பி வைத்துவிடுங்கோ. கொக்கோத் தூளில் ஈ500, ஈ501 என்ற சேர்க்கை எண்கள் இருந்தால் அது காரம் (அல்கலி) சேர்த்துப் பதப்படுத்தியது. கறுப்பும் மென்மையும் கூடும், நாம் தேடுகிற பிளவனோல் என்ற கொக்கோவின் நல்ல சத்து வெகுவாகக் குறையும். வெளிர்க் கபிலமாக, சற்றுப் புளிப்பாக இருக்கும் தூளே நல்லது.

எங்கள் வன்னி வெக்கைதான் பெரிய வில்லங்கம். கொக்கோ வெண்ணெய் 34 பாகை செல்சியஸ் அளவில் உருகும். சித்திரை வெயிலில் கிளிநொச்சிக் கடைத் தட்டிலேயே சொக்லேட் பகலில் இளகி, இரவில் இறுகி, மேலே வெள்ளை படரும். அது பூஞ்சணம் இல்லை, கொழுப்பு. தின்னலாம், ஆனால் முறியும்போது 'டக்' என்ற சத்தம் வராது, உதிரும். பிரிட்ஜில் வைப்பதென்றால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கோ. எடுத்தவுடன் திறந்தால் வியர்த்து, சீனி கரைந்து மேலே சொரசொரப்பாகப் படியும். அரைமணி நேரம் மூடியபடியே விடுங்கோ.