"ஹோஸ்டிங் மாத்துறதுதானே, ரெண்டு மணி நேர வேலை!"

நாலைந்து பேர் வேலை பார்க்கும் வெப் டெவலப்மென்ட் கம்பெனிகளில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வேலை வந்து விழும். "அந்த ஜவுளிக்கடை சைட்டைப் புது ஹோஸ்டிங்குக்கு மாத்திடுப்பா, கஸ்டமர்கிட்ட இன்னிக்கே முடிச்சுத் தர்றதா சொல்லிட்டேன்." ஹோஸ்டிங் என்பது சைட் குடியிருக்கும் வாடகை சர்வர். அதை மாற்றும் வேலைக்குக் கோட்டேஷனில் ஒரு வரிகூட இருக்காது. செய்யப்போவது பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன பையனோ பெண்ணோதான். இதை இலவசமாகச் செய்து தருவதாக வாக்குக் கொடுக்கும் முதலாளிக்கு இதில் என்னென்ன உடையும் என்று தெரியாது. இல்லையென்றால், உடைந்தால் ஞாயிற்றுக்கிழமை உட்காரப்போவது தான் இல்லை என்று நன்றாகவே தெரியும்.

முதலில் அடிபடுவது மெயில். ஃபைலையும் டேட்டாபேஸையும் காப்பி பண்ணிவிட்டு, டொமைன் பேனலில் பழைய நேம்சர்வரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுவிடுவார்கள். டொமைனின் சைட் எங்கே, மெயில் எங்கே என்று சொல்லும் முகவரிப் பட்டியல்தான் டிஎன்எஸ், அதை வைத்திருப்பது நேம்சர்வர். நேம்சர்வர் மாறினால் அந்த டொமைனின் மொத்த டிஎன்எஸ்ஸும் இடம் மாறுகிறது. பழைய இடத்தில் இருந்த எம்எக்ஸ் (மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும்), எஸ்பிஎஃப் (எந்த சர்வர்கள் இந்தப் பெயரில் மெயில் அனுப்பலாம்), டிகிம் (மெயிலின் டிஜிட்டல் கையெழுத்து) ரெக்கார்டுகள் எதுவும் தானாகக் கூட வராது. சைட் ஜம்மென்று திறக்கும், கடைக்கு ஆர்டர் மெயில் வருவது மட்டும் நின்றிருக்கும். திங்கட்கிழமை காலை வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். கவனித்த பிறகும் நேம்சர்வரைச் சட்டென்று திருப்ப முடியாது. டாட் காம் டொமைன்களுக்கு ரிஜிஸ்ட்ரி (டாட் காம் பட்டியலையே பராமரிக்கும் அமைப்பு) மட்டத்தில் இருக்கும் நேம்சர்வர் விவரத்தின் டிடிஎல், அதாவது மற்ற சர்வர்கள் பழைய பதிலையே நினைவில் வைத்திருக்கும் நேரம், 172800 நொடி, இரண்டு நாள். அதைக் குறைக்கும் அதிகாரம் நம் கையில் இல்லை.

அதனால் நேம்சர்வரைத் தொடாமல் ஏ ரெக்கார்டை (டொமைன் பெயரை சர்வரின் ஐபி எண்ணோடு இணைக்கும் வரி) மட்டும் மாற்றுவதே நல்லது. முந்தைய நாளே அதன் டிடிஎல்லை 300 நொடிக்கு இறக்கிவிட வேண்டும். பழைய மதிப்பு 86400 என்றால் முழுதாக ஒரு நாள் காத்திருந்துதான் ஆக வேண்டும். அப்போதும் ஒரு வினோதம் நடக்கும். "ஆபீஸ்ல புது சைட் தெரியுது, என் ஜியோ போன்ல பழசுதான் வருது" என்பார் கஸ்டமர். பிரவுசர் கேஷை அழிக்கச் சொல்லி அவரை அலைக்கழிப்பதற்கு முன் டிஎன்எஸ்ஸில் குவாட்-ஏ (AAAA, புதிய வகை ஐபி எண்ணான ஐபிவி6-க்குரிய ஏ ரெக்கார்ட்) ரெக்கார்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஜியோ பெருமளவு ஐபிவி6-இல் ஓடுகிறது. ஏ ரெக்கார்டை மாற்றியவர் அதன் ஐபிவி6 ஜோடியை மறந்திருந்தால் அந்த போன்கள் பழைய சர்வருக்கே போய்க்கொண்டிருக்கும். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பிடம் எச்டிடிபிஎஸ்ஸுக்கான இலவசச் சான்றிதழ் வாங்கும்போது சரிபார்ப்பு தோற்பதற்கும் பல நேரம் இதுவே காரணம். குவாட்-ஏ இருந்தால் அவர்கள் முதலில் அந்த வழியாகத்தான் வந்து பார்ப்பார்கள்.

சைட்டின் தொடர்புப் படிவத்திலிருந்து போகும் மெயிலும் இனிமேல் புது ஐபியிலிருந்து போகும். அந்த ஐபி எஸ்பிஎஃப்பில் இல்லாவிட்டால் ஸ்பாமுக்குப் போய்விடும். இங்கே எல்லோரும் செய்யும் தப்பு, பழைய எஸ்பிஎஃப் வரியை அப்படியே விட்டுவிட்டு இரண்டாவதாக ஒன்றைச் சேர்ப்பது. ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்ட்தான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சரிபார்ப்பே பிழையில் முடியும், இரண்டில் எதுவும் செல்லாது. இருக்கிற வரிக்குள்ளேயே புது ஐபியைச் சேர்க்க வேண்டும்.

தமிழ் உள்ளடக்கம் உள்ள பழைய வேர்ட்பிரஸ் சைட் என்றால் இன்னொரு தலைவலி. சில டேட்டாபேஸ்களில் டேபிள் லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியீட்டு முறை) என்று குறித்திருக்கும், உள்ளே உட்கார்ந்திருப்பது யூடிஎஃப்-8 (எல்லா மொழிக்குமான குறியீட்டு முறை) தமிழ். பழைய சர்வரில் அது சரியாகத்தான் தெரியும். அதைச் சாதாரணமாக டம்ப் எடுத்தால் (மொத்தத்தையும் ஒரு ஃபைலாக இறக்கினால்) டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக நினைத்து மறுபடி யூடிஎஃப்-8 ஆக்கிவிடும். புது சர்வரில் தமிழுக்குப் பதில் தலையில் கோடு போட்ட ஆங்கில 'a' எழுத்துகளாக வரிசை கட்டும். டம்ப் எடுக்கும்போதே கேரக்டர் செட்டை லத்தீன்1 என்று கொடுத்து, வந்த ஃபைலில் செட் நேம்ஸ் வரியையும் டேபிள்களின் கேரக்டர் செட்டையும் யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழு யூடிஎஃப்-8-க்கான பெயர்) என்று திருத்திய பிறகு ஏற்ற வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் எழுத்தோடு சேதம் நிற்பதில்லை. வேர்ட்பிரஸ் தன் விட்ஜெட், தீம் அமைப்புகளை நீளத்தோடு சேர்த்து சீரியலைஸ் செய்து, அதாவது ஒரே நீண்ட வரியாகக் கோத்து, வைக்கிறது. அந்த நீளம் பைட் கணக்கு. 'கோவை' என்றால் 12. மேலே சொன்ன இரட்டை மாற்றத்தில் அதே சொல் 26 பைட் ஆகிவிடும். நீளம் ஒத்துப்போகாததால் வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி மொத்த அமைப்பையும் தூக்கிப் போட்டுவிடும், ஃபூட்டரும் சைட்பாரும் காலி. சைட் முகவரியில் எச்டிடிபியை எச்டிடிபிஎஸ் ஆக்க டம்ப் ஃபைலை நோட்பேடில் திறந்து ஃபைண்ட் ரிப்ளேஸ் அடிப்பவர்களுக்கும் இதே கதிதான், ஒரு பைட் கூடினாலே போதும். நீளத்தையும் சேர்த்துத் திருத்தவென்றே டபிள்யூபி-சிஎல்ஐயில் (வேர்ட்பிரஸ்ஸைக் கட்டளை வரியில் இயக்கும் கருவி) சர்ச்-ரிப்ளேஸ் இருக்கிறது. முதலில் எதையும் மாற்றாமல் டிரை-ரன் ஓட்டி எத்தனை இடம் மாறும் என்று பார்த்துவிட்டு ஓட்டலாம்.

பிஎச்பி பதிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 7.4-க்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது, புது ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் 8-தான் கிடைக்கும், பழைய பிளகின் ஒன்று வெள்ளைத் திரை காட்டும். டிஎன்எஸ்ஸைத் தொடுவதற்கு முன், உங்கள் கம்ப்யூட்டரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் டிஎன்எஸ்ஸுக்குப் பதிலாகச் செல்லும் பட்டியல்) புது ஐபியை எழுதி, சைட்டை அங்கேயே முழுக்கச் சோதித்துவிட்டால் இது முதலிலேயே தெரிந்துவிடும்.

மெயில்பாக்ஸும் பழைய சர்வரிலேயே இருந்தால் இது இன்னொரு தனி வேலை. ஐமேப் சிங்க் (ஒரு சர்வரின் மெயில்களை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் கருவி) ஓட்டிப் பழைய மெயில்களைக் கொண்டுவர வேண்டும், ஒவ்வொருவர் போனிலும் அவுட்லுக்கிலும் அமைப்பு சரியா என்று பார்க்க வேண்டும். கணக்குப் பிள்ளையின் கம்ப்யூட்டர் மட்டும் பாப்3-இல் (மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கி வைக்கும் பழைய முறை) ஓடும் என்பது எழுதப்படாத விதி. ஆன்லைன் விற்பனை உள்ள சைட் என்றால், டம்ப் எடுத்ததிலிருந்து டிஎன்எஸ் மாறும் வரை பழைய சைட்டில் ஆர்டர் வாங்குவதை நிறுத்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் வந்திருக்கும், ஆர்டர் பழைய டேட்டாபேஸில் கிடக்கும்.

இதற்கெல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரமா? டிஎன்எஸ் ரெக்கார்டுகளையும் மெயில்பாக்ஸ்களையும் கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும்) வேலைகளையும் பட்டியல் எடுக்கவே அரை நாள் வேண்டும். மாற்றுவதற்கு ஒரு நாள், அடுத்த நாள் ஒருவர் கண்காணிப்பில். செவ்வாய் காலையில் ஆரம்பியுங்கள், கூட ஒரு சீனியரை உட்கார வையுங்கள், கோட்டேஷனில் தனி வரியாகப் போட்டுக் காசு வாங்குங்கள். பழைய ஹோஸ்டிங்கை ஒரு மாதமாவது விட்டு வைக்க வேண்டும், அந்த மாத வாடகை யார் பொறுப்பு என்பதையும் அதே வரியில் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால், சைட் திறந்த அன்றே கஸ்டமர் பழைய கணக்கை கேன்சல் செய்துவிடுவார்.