சமூக அக்கறை போஸ்டரில் மட்டும்தானா?

கிராஃபிக் டிசைன் இறுதியாண்டு மாணவர்களின் படைப்புகளைப் பார்த்து மதிப்பெண் போடும் வேலை அவ்வப்போது எனக்கு வரும். பெரும்பாலான தொகுப்புகள் மூன்று பாகமாகத்தான் இருக்கும். முதலில் பிராண்டிங்: கற்பனை நிறுவனம் ஒன்றுக்கு லோகோ, விசிட்டிங் கார்டு, காகிதப் பை. அடுத்து டைப்போகிராஃபி, அதாவது எழுத்துகளின் வடிவத்தையும் அமைப்பையும் கையாளும் கலை: ஒற்றை எழுத்தைப் பக்கம் முழுக்க விரித்துப் பார்த்த சோதனைகள். கடைசியில் சமூகப் பிரச்சினை: கறுப்புப் பின்னணி, நடுவில் ஒரு கண்ணீர்த் துளி, கீழே நான்கே சொல்லில் ஒரு வாசகம்.

அந்த மூன்றாவது பாகம்தான் எனக்கு ஆதங்கம் தருகிறது. மாணவர்களின் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர்களோடு பத்து நிமிடம் பேசினாலே அந்தக் கோபம் உண்மையானது என்று தெரிந்துவிடும். ஆனால் அந்தப் போஸ்டரைக் கடைசியில் பார்ப்பவர்கள் யார்? நடுவர்களாகிய நாங்கள். நாங்கள் மனம் கசிவோம், மதிப்பெண் விழும், போஸ்டர் சுருட்டி வைக்கப்படும். பிரச்சினையில் சிக்கியிருப்பவரின் கைக்கு எதுவும் போய்ச் சேராது.

டெபோரா அட்லர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரைப் பற்றி மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். நியூயார்க்கின் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸில் முதுகலை படித்தவர். அவருடைய பாட்டி தெரியாமல் தாத்தாவின் மாத்திரையை விழுங்கிவிட்டார். இருவரின் மருந்துக் குப்பிகளும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. அட்லர் மருந்துப் பிழைகளைக் கண்டித்து ஒரு போஸ்டர் வரையவில்லை. குப்பியையே கையில் எடுத்துக்கொண்டார். லேபிளில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது மருந்துக்கடையின் லோகோ. மருந்தின் பெயரைத் தேட வேண்டியிருந்தது. 2002-இல் தன் ஆய்வுத் திட்டத்தில் அந்த வரிசையை அவர் மாற்றினார். மருந்தின் பெயரும் சாப்பிடும் முறையும் மேலே வந்தன, கடை விவரங்கள் கீழே இறங்கின. 2005-இல் அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் அதைத் தன் மருந்தகங்களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வளைந்த உருளைக்குப் பதில் தட்டையான முகம் கொண்ட குப்பி. எழுத்து வளைவில் ஓடி மறையாது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் ரப்பர் வளையம்.

பிராண்டிங், டைப்போகிராஃபி, சமூகப் பிரச்சினை மூன்றும் அந்த ஒரே குப்பியில் இருந்தன. லோகோ எங்கே அடங்கிப்போக வேண்டும் என்று முடிவு செய்வதும் பிராண்டிங்தான். 2015-இல் அந்த மருந்தகப் பிரிவு வேறு நிறுவனத்துக்குக் கைமாறிய பிறகு குப்பியும் நின்றுபோனது. பழகிப்போன வாடிக்கையாளர்கள் அது வேண்டும் என்று முறையிட்டார்கள். எந்தப் போஸ்டரையாவது திரும்பக் கொடுங்கள் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா?

இது புதிய கருத்தும் அல்ல. 1964-இல் பிரிட்டனில் கென் கார்லண்ட் என்ற வடிவமைப்பாளர் வெளியிட்ட அறிக்கை, வடிவமைப்பாளர்களின் திறமையெல்லாம் விளம்பரத்தில் கரைவதைச் சாடியது. அந்தத் திறமை போய்ச் சேர வேண்டிய இடங்களாக அது சொன்னவற்றில் தெருப் பலகைகளும் செய்முறைக் கையேடுகளும் கல்வி உபகரணங்களும் இருந்தன. எல்லாம் புழங்குபொருள்கள்.

அண்மையில் பார்த்த ஒரு மாணவியின் வேலையைச் சொல்ல வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிக்குத் தரும் தாளை அவர் மாற்றியமைத்திருந்தார். முதல் வடிவம் அழகாக இருந்தது: மெல்லிய எழுத்து, வெளிர் சாம்பல் நிறம், தாராளமான வெற்றிடம். அதை வயதானவர்களிடம் கொடுத்தபோது அவர்கள் தாளைக் கை நீட்டிப் பிடித்து, வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, கடைசியில் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டார்களாம். சாம்பல் கறுப்பானது, எழுத்து தடித்தது, காலை, மதியம், இரவு என்ற மூன்று கட்டங்கள் தாளின் பாதியை எடுத்துக்கொண்டன. தமிழில் இன்னொரு சிக்கலும் இருந்தது. சிறிய அளவில் அச்சிட்டால் ‘ண’வின் சுழிகள் மையில் அடைத்துக்கொண்டு ‘ன’ போலத் தெரிகின்றன. ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் மேல்வரியின் ‘மு’, ‘கூ’ கீழ்வரியின் ‘கி’, ‘தீ’யோடு முட்டுகின்றன. எழுத்துருவையே மாற்றி, வரிகளைத் தளர்த்தியிருந்தார். டைப்போகிராஃபி என்று நான் கொண்டாடுவது இதைத்தான்.

அந்தத் தாள் சுவரில் மாட்டினால் எடுபடாது. பார்வையாளர்கள் கண்ணீர்த் துளிப் போஸ்டரின் முன் நின்றார்கள், இதைக் கடந்து போனார்கள். நடுவர்களிலும் ஒருவர் “இதில் கான்செப்ட் எங்கே?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. வாசிக்க முடியாதவரை வாசிக்க வைப்பதைவிடப் பெரிய கான்செப்ட் எது?

போஸ்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெருவில் ஒட்டப்பட்டு, ஆட்களைத் திரட்டி, அதிகாரத்தை எரிச்சலூட்டிய போஸ்டர்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. கல்லூரிச் சுவரைத் தாண்டாத போஸ்டருக்கு அந்தப் பெருமையில் பங்கு கிடையாது. மதிப்பெண் தாளில் ஒரு வரி சேர்க்கும்படி ஆசிரியர்களைக் கேட்கிறேன்: இதைப் பயன்படுத்த வேண்டியவர் கையில் கொடுத்துப் பார்த்தீர்களா, அதற்குப் பிறகு எதை மாற்றினீர்கள்? அந்த வரிக்கு, இறுதி அச்சின் பளபளப்புக்குத் தருவதைவிட அதிக மதிப்பெண் வையுங்கள்.