யூதர்களின் சாத்தான் வேறு, கிறிஸ்தவர்களின் சாத்தான் வேறு

“சாத்தான் கடவுளை எதிர்த்து விழுந்த தூதன், பாவிகளுக்கு நித்திய நரகம், யூதர், கிறிஸ்தவர் இருவருக்கும் இதே நம்பிக்கைதான்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. கிறிஸ்தவர்களில் பெரும்பாலோருக்குப் பொருந்தும். யூதர்களுக்குப் பொருந்தாது.

யூத வேதத்தில் (கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாடு) உள்ள யோபு நூலின் முதல் இரண்டு அதிகாரங்களைப் படித்துப் பாருங்கள். சாத்தான் கடவுளின் சபையில் வந்து நிற்கிறான், அனுமதி பெற்றே யோபைச் சோதிக்கிறான். ரபிகள் எனப்படும் யூத மத அறிஞர்களின் மரபிலும் அவன் பெரும்பாலும் குற்றம் சாட்டுபவன்தான். செய்தி ஆதாரம் காட்டும் ஏசாயா நூலின் 14ஆம் அதிகாரம் பாபிலோன் ராஜாவைப் பற்றியது; 4ஆம் வசனமே அதைச் சொல்கிறது.

யூதர்களின் நரகமான கெஹின்னோமில் தண்டனை 12 மாதம் என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா (எதுயோத் 2:10). கொடியவர் சிலருக்கே அது நீளும் என்கிறது மிஷ்னாவுக்கான விரிவுரையைக் கொண்ட தல்மூத். இறந்த பெற்றோருக்காக 11 மாதம் மட்டும் காதிஷ் என்ற ஜெபம் சொல்வதும் இதனால்தான்; முழுத் தண்டனைக்குரிய பாவி என்று பெற்றோரை நினைக்க எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்?

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.