அசல் வட்டு வாங்கியவனுக்குத்தான் தலைவலி

"அசல் வட்டை வாங்குங்கள், ஆக்டிவேஷன் தொல்லையே இருக்காது" என்று கணினி விளையாட்டுகள் பற்றிய கட்டுரை ஒன்றில் வந்த வரியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கட்டுரையாளர் மன்னிக்க வேண்டும். ஆக்டிவேஷன் என்றால், விளையாட்டைக் கணினியில் போடும்போது அது அசல்தானா என்று நிறுவனம் இணையம் வழியே பார்த்து அனுமதிப்பது.

மலேசியாவின் பினாங்கில் கொம்தார் கட்டடத்துப் பக்கம் 129 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து அசல் விளையாட்டு வட்டு வாங்கியவன் நான். முதல் தடவை நன்றாக ஓடியது. அப்புறம் கிராஃபிக்ஸ் கார்டு மாற்றினேன், ஹார்ட் டிஸ்க் செத்தது, விண்டோஸ் மறுபடி போட்டேன். ஒவ்வொன்றையும் புதுக் கணினி என்று விளையாட்டு நிறுவனத்தார் கணக்கு வைத்திருக்கிறார்கள்! நான்காவது முறை "வரம்பு முடிந்தது" என்று வந்து நின்றது. மின்னஞ்சல் அனுப்பினால் ரசீதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். நம்ம ஊர் வெயிலில் அந்தத் தாளில் எழுத்து எங்கே நிற்கும்? வெள்ளைத் தாளைத்தான் அனுப்பினேன். பக்கத்துக் கடையில் திருட்டு வட்டு வாங்கிய என் மச்சான் அதற்குள் ஆட்டத்தையே முடித்துவிட்டான்.

இது என் ஒருவன் கதை இல்லை. 2008இல் வந்த ஸ்போர் விளையாட்டுக்கு மூன்று ஆக்டிவேஷன்தான் என்றார்கள். வாங்கியவர்கள் கொதித்த பிறகுதான் ஐந்தாக்கினார்கள். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பூட்டு போட்ட பழைய வட்டுகள் அதில் ஓடாமலே போயின. அவற்றை வாங்கியவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்?

சரி, திருட்டு வட்டு வாங்கச் சொல்லவில்லை. இப்போது ஜிஓஜி என்ற இணையக் கடை மாதிரி பூட்டே இல்லாமல் விற்கும் இடத்தில்தான் முதலில் தேடுகிறேன். ரசீதையும் வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்துவிடுகிறேன்.