நீலமா மின்னுனா நல்ல நோட்டு இல்லைங்க
"யூவி லைட்ல டாலர் முழுக்க நீலமா மின்னுனா ஒரிஜினல்"னு மேல போட்டிருக்கீங்க. அது நேர் தலைகீழுங்க. கடையில விக்கிற வெள்ளைக் காகிதத்துலதான் வெண்மையூட்டி கலந்திருக்கும், அதுதான் அப்படிப் பளிச்சுன்னு மின்னும். டாலர் தாள் 75% பருத்தி, 25% லினன், மங்கலாத்தான் கிடக்கும். உள்ள ஓடுற இழை மட்டும் ஒளிரும்: 20ல பச்சை, 50ல மஞ்சள், 100ல இளஞ்சிவப்பு. இது 1996 சீரிஸ்ல (நோட்டுல அச்சடிச்சிருக்கிற வருஷம்) இருந்துதான். அதுக்கு முந்தின பழைய நோட்டை, இழை மின்னலைன்னு ஒதுக்கிடாதீங்க.

இன்னொண்ணு, திருப்பூர்ப் பக்கம் சட்டைப் பையோட துவைச்சு வர்ற நல்ல டாலரும் சோப்புத்தூளால நீலமா மின்னும். அப்போ வெளிச்சத்துல தூக்கி தாளுக்குள்ள மங்கலாத் தெரியுற நீர்க்குறியைப் (வாட்டர்மார்க்) பாருங்க. 2009 சீரிஸ் 100ஆ இருந்தா நோட்டுல படமா இருக்கிற பிராங்க்ளின் தோள்ல நகத்தை ஓட்டுங்க, சொரசொரன்னு தட்டுப்படணும்.