ராஜாஜி இரண்டு விதமாகச் சண்டையிட்டார். நாம் அவர் தோற்ற விதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்

நான் வலதுசாரி. அரசாங்கம் தொழில் நடத்தக் கூடாது, உழைத்துச் சேர்த்த சொத்தில் அது கை வைக்கக் கூடாது, குடும்பமும் கோயிலும் ஊரும் அரசாங்கத்துக்கு முந்தியவை என்று நம்புகிறவன். இதை எங்கும் மறைத்ததில்லை. ஆகவே இந்தப் பதிவை எதிர்த்தரப்பின் வசையாக நினைத்து யாரும் தள்ளிவிட வேண்டாம்.

நம் தரப்பு விமர்சகர்களை எதிர்கொள்ளும் விதம் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. ஒரு பேராசிரியர் வரிக் கொள்கையைக் குறை சொன்னால், அவர் சொன்ன கணக்கு சரியா என்று பார்ப்பதற்கு முன்பே அவர் என்ன சாதி, என்ன மதம், எங்கிருந்து பணம் வாங்குகிறார் என்று தேடத் தொடங்குகிறோம். ஒரு மாணவி கேள்வி கேட்டால் தேசவிரோதி. ஒரு கேலிச்சித்திரம் வந்தால் காவல் நிலையத்தில் புகார். வழக்குப் பதிவானதும் இனிப்பு வழங்காத குறையாகக் கொண்டாடுகிறோம். எதிராளி வாயை மூடினால் நாம் வாதத்தில் வென்றுவிட்டோம் என்று எப்படி ஆகும்?

தமிழ்நாட்டு வலதுசாரிகள் வாய்க்கு வாய் ராஜாஜியை இழுக்கிறோம். அவர் எங்கே வென்றார், எங்கே தோற்றார் என்பதை மட்டும் படிப்பதில்லை. அவர் தன் எதிரிகளோடு இரண்டு விதமாக மோதினார். அதிகாரம் கையில் இருந்தபோது ஒரு விதம், இல்லாதபோது இன்னொரு விதம்.

1937 இல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார் (மாகாண முதல்வரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்). மறு ஆண்டு 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். மறியல் தொடங்கியது. மறியல் செய்தவர்கள் மீது குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டத்தைப் பாய்ச்சினார். எந்தச் சட்டம் அது? காங்கிரஸ் தொண்டர்களை உள்ளே தள்ள வெள்ளைக்காரன் பயன்படுத்தியது. காங்கிரஸே கொடுங்கோல் சட்டம் என்று கண்டித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றார்கள். 1938 டிசம்பரில் பெரியாரும் சிறைப்பட்டார். அதே மாதம் நீதிக்கட்சி அவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1937 தேர்தலில் நொறுங்கிப்போன கட்சி அது. அதற்குத் தலைவரையும் போராட்டத்தையும் ஒருசேரக் கொடுத்தவர் ராஜாஜிதான். சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939 இல் இறந்தார்கள். அவர்கள் பெயரில் எழும்பூரில் இன்றும் ஓர் அரசு மாளிகை நிற்கிறது. கட்டாய இந்தி 1940 பிப்ரவரியில் விலக்கப்பட்டது. சிறை நிரம்பியது, கொள்கை போயிற்று, எதிரி வளர்ந்தான்.

அடுத்தது 1953, அவர் மீண்டும் முதலமைச்சராக இருந்த காலம். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு அரை நாள் மட்டும் வகுப்பு. மீதிப் பொழுது பெற்றோரின் தொழிலில் பழக வேண்டும். அவர் பக்கத்தில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. கையில் இருந்த பணமும் ஆசிரியர்களும் போதவில்லை. ஒரே பள்ளியில் இரண்டு தொகுதியாகப் பிள்ளைகளை உட்கார வைத்தால் இரு மடங்கு பேர் படிக்கலாம். ஆனால் நாவிதரின் மகன் பிற்பகலில் எங்கே போவான் என்ற கேள்விக்கு அந்தத் திட்டத்தில் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. 'குலக்கல்வித் திட்டம்' என்று எதிர்ப்பாளர்கள் அழைத்தார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதற்கு அவர்களுடைய சாமர்த்தியம் மட்டும் காரணமில்லை. கேட்டவர்களுக்கு அது உண்மையாகப் பட்டது. திட்டத்தில் இருந்த ஓட்டையைத்தான் பெயராக வைத்திருந்தார்கள். சொந்தக் கட்சிக்காரர்களையே அவர் முன்கூட்டிச் சம்மதிக்க வைக்கவில்லை. எனக்குச் சரியென்று தெரிகிறது, ஆகவே செய்கிறேன் என்ற தோரணைதான். 1954 ஏப்ரலில் பதவி விலகினார். காமராஜர் வந்ததும் அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. இன்றுவரை தமிழ்நாட்டில் வலதுசாரி எவன் கல்வியைப் பற்றி வாயைத் திறந்தாலும் அந்த ஒரு சொல்லை எடுத்து முகத்தில் எறிகிறார்கள். எழுபது ஆண்டுகளாக அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

(நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே ஆட்சியில், 1952 இல், உணவு தானியக் கட்டுப்பாட்டை அவர் துணிந்து நீக்கினார். ரேஷன் போனால் பஞ்சம் வரும் என்று பயந்தவர்கள் ஏராளம். அவர்களை யாரும் துரோகி என்று ஏசவில்லை. சந்தைக்கு அரிசி வந்தது. அதுவே பதிலாக இருந்தது.)

இப்போது இரண்டாவது ராஜாஜி. 1959 ஜனவரியில், விவசாயிகள் நிலத்தை ஒன்றுசேர்த்துக் கூட்டாகப் பயிரிட வேண்டும் என்ற கூட்டுப்பண்ணைத் தீர்மானத்தைக் காங்கிரஸ் நாக்பூரில் நிறைவேற்றியது. ராஜாஜிக்கு வயது எண்பது. ஓய்வெடுத்து ராமாயணம் சொல்லிக்கொண்டிருந்தால் நாடே கும்பிட்டிருக்கும். நேருவின் புகழ் உச்சியில் இருந்த அந்த நேரத்தில் ரங்கா, மசானி, முன்ஷி ஆகியோரோடு சேர்ந்து சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். கையில் காவல் துறை இல்லை, வானொலி இல்லை. ஆங்கிலத்தில் 'ஸ்வராஜ்யா', தமிழில் 'கல்கி', கூடவே ஒரு பேனா.

நேருவின் ஆட்சியை அவர் எப்படித் தாக்கினார் என்று பாருங்கள். நேருவின் தேசபக்தியைச் சந்தேகிக்கவில்லை. நேரு யாருக்குப் பிறந்தார், யாரோடு பழகினார் என்று எழுதவில்லை. 'பெர்மிட் – லைசென்ஸ் – கோட்டா ராஜ்யம்' என்றார். அந்த மூன்று சொற்களுக்குள் நாட்டில் பாதிப் பேருடைய அன்றாடம் அடங்கியிருந்தது. ஆலை வைக்க லைசென்ஸ் வேண்டும். வைத்த ஆலையைப் பெரிதாக்க இன்னொரு லைசென்ஸ் வேண்டும். இயந்திரம் இறக்குமதி செய்யக் கோட்டா. வீடு கட்டுகிறவன் சிமெண்டுக்கு மனுப் போட்டு, அதிகாரி எத்தனை மூட்டைக்குக் கையெழுத்துப் போடுவார் என்று வராந்தாவில் நிற்க வேண்டும். அப்படி நின்றவனுக்குப் பொருளாதாரப் பாடம் தேவைப்படவில்லை. இந்த மூன்று சொற்களைக் கேட்டவுடன் தனக்கு நடப்பது என்ன என்று புரிந்துகொண்டான். அந்த வராந்தாவில் காங்கிரஸ்காரனும் நின்றான். அவனும் தலையாட்டினான்.

அத்தோடு விடவில்லை. கட்சியின் 21 கொள்கைகளில் கடைசிக் கொள்கை, மற்ற எல்லா விஷயங்களிலும் உறுப்பினர்கள் தம் கருத்தைச் சுதந்திரமாகச் சொல்லலாம் என்றது. ராஜாஜியே அந்த உரிமையை முழுக்கப் பயன்படுத்தினார். 1962 இல் வாஷிங்டன் சென்று, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்த வேண்டும் என்று கென்னடியிடம் நேரில் வாதாடினார். 1964 இல் காஷ்மீர் தலைவர் ஷேக் அப்துல்லா சிறையிலிருந்து விடுதலையாகி வந்தபோது காஷ்மீரில் சமரசம் வேண்டும் என்று எழுதினார். அப்துல்லா சென்னைக்கே வந்து அவரைச் சந்தித்தார். சொந்தக் கட்சிக்காரர்களே நெளிந்தார்கள். இன்று ஒரு வலதுசாரி இதையெல்லாம் எழுதட்டும். முதல் கல் நம் கூட்டத்திலிருந்துதான் வரும்.

1962 இல் மக்களவையில் 18 இடம். 1967 இல் 44 இடம். காங்கிரஸுக்கு அடுத்த பெரிய கட்சி. தமிழ்நாட்டில், 1953 இல் தன் வீட்டு வாசலுக்கே போராட வந்த தி.மு.க.வோடு கூட்டணி வைத்து காங்கிரஸை வீழ்த்தினார்.

மகாராஜாக்களும் பணக்காரர்களும் கொடுத்த இடங்கள்தானே அவை என்று கேட்பீர்கள். ராஜஸ்தானிலும் ஒரிசாவிலும் பெருமளவுக்கு அது உண்மை. மன்னர் குடும்பங்களை நம்பிய கட்சிக்குக் கிராமத்தில் வேர் பிடிக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் மகாராஜாக்கள் இன்று இல்லை, கட்சியும் இல்லை. ராஜாஜியின் வாதம் மட்டும் பிழைத்துக் கிடந்து, 1991 இல் காங்கிரஸ் அரசாங்கமே லைசென்ஸ் முறையின் பெரும்பகுதியைக் கலைத்தபோது மேசைக்கு வந்தது.

பெரியாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடவுள், சாதி, மொழி என்று எதிலும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒருவர் ஆட்சியில் இன்னொருவர் சிறை சென்றார். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, தொண்ணூற்று மூன்று வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து அழுதார். கொள்கையில் ஒருவர் மற்றவருக்கு அங்குலம் விட்டுக்கொடுத்ததில்லை. இந்தக் கதையைச் சொல்லி உருகுகிற நம் ஆட்களில் எத்தனை பேர், எதிர்த்தரப்பில் ஒருவர் இறந்த செய்தியின் கீழே சிரிப்புப் படம் போடாமல் இருக்கிறார்கள்?

சுதந்திராக் கட்சி விழுந்த கதையிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. 1971 இல் அது ஜனசங்கம், பழைய காங்கிரஸ் (காங்கிரஸ் பிளந்தபோது இந்திராவை எதிர்த்து நின்ற அணி) ஆகியவற்றோடு பெருங்கூட்டணியில் சேர்ந்தது. கூட்டணியின் முழக்கம் 'இந்திராவை விரட்டு'. அவர் திருப்பிச் சொன்னது 'வறுமையை விரட்டு'. பன்னிரண்டு ஆண்டுகள் ஓர் அமைப்பைத் தாக்கிய கட்சி, அந்தத் தேர்தலில் ஒரு பெண்மணியைத் தாக்கப் போயிற்று. 44 இடங்கள் எட்டாகச் சுருங்கின. இந்திராவின் பொருளாதாரக் கொள்கை சரியென்று நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அந்தத் தேர்தலில் மக்களுடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசியவர் அவர்தான் என்பதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

இன்றும் சிறு வணிகர் வரிப் படிவத்தோடு மல்லுக்கட்டுகிறார். ஒரு பட்டறை தொடங்குபவர் தீயணைப்பு, மாசுக் கட்டுப்பாடு, மின்வாரியம், உள்ளாட்சி என்று அலைகிறார். கோயில் சொத்தின் குத்தகைக் கணக்கைக் கேட்கிற பக்தருக்குப் பதில் கிடைப்பதில்லை. இவை ஒவ்வொன்றும் நம் மண்ணில் நாம் பேச வேண்டிய பேச்சு. திராவிட இயக்கத்துக்கு வாக்களிக்கிற வணிகரும் நின்று கேட்பார். இதையெல்லாம் விட்டுவிட்டு எவருடைய பாட்டன் யார் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறோம்.

விமர்சகர் ஒருவர் மீது புகார் கொடுத்துவிட்டோம், வேலையிலிருந்து எடுக்கவைத்துவிட்டோம் என்று நம் தரப்பு நண்பர்கள் எனக்கு அனுப்பும் பதிவுகளை இனிமேல் பகிரமாட்டேன். அவர் சொன்னதில் எந்த எண் தவறு, சரியான எண் எது என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். அன்றைக்கே பகிர்கிறேன்.