விதைப்புக் காலத்து நன்றி

ஒக்டோபர் இரண்டாம் திங்கள் வந்தால் கனடா ஸ்காபரோவிலிருந்து அக்காவின் படம் வந்துவிடும். மேசை நடுவில் வான்கோழி, பக்கத்தில் பூசணிக்காய், சுற்றிவர மருமக்கள். இந்த முறை படத்துக்குக் கீழே ஒரு கேள்வியும் இருந்தது: "நீங்கள் அங்க நன்றி நாள் ஒண்டும் கொண்டாடுறதில்லையா?"

நான் அப்போது கூரை ஒழுகுகிற இடத்துக்கு வாளி தேடிக்கொண்டிருந்தேன்.

அங்கே அது இலையுதிர் காலம். அறுத்ததையெல்லாம் உள்ளே சேர்த்துவிட்டு, குளிர் வருமுன் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். மட்டக்களப்பில் இலையும் உதிராது, அறுவடையும் இல்லை. வாவிக்கு மேற்கே வயல்கள் இருக்கிற படுவான்கரையில் அப்போதுதான் மாரி வேளாண்மைக்கு விதைப்பு. வெட்டு தை, மாசியில். வீட்டில் கிடப்பது சின்னப்போகத்து மிச்ச நெல். கையில் இருந்த காசு உழவுக்கும் விதைநெல்லுக்கும் போயிருக்கும். கடல் கொந்தளிப்பு என்று வள்ளங்கள் கரையில் கிடக்கும். மேசன் வேலைக்குப் போகிறவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். நன்றி நாள் வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமில்லாத மாதத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. அக்காவுக்கு அப்படித்தான் பதில் எழுதினேன். அனுப்பப் போகும்போது அப்பாவின் ஞாபகம் வந்தது. அழித்துவிட்டேன்.

அப்பா மெதடிஸ்த சபை, அம்மா கத்தோலிக்கம். (இரண்டு பக்கமும் எப்படிச் சம்மதித்தார்கள் என்பது தனிப் பதிவு.) மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்புக்கு வந்தது 1814இல். அந்த வருடத்தை அப்பா சொல்லும்போது தானே கப்பலிலிருந்து இறங்கி வந்தது போல இருக்கும். அப்பாவுக்குப் படுவான்கரையில் மூன்று ஏக்கர் வயல் இருந்தது. விதைப்பு நாளில் முளைகட்டிய நெல்லை மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி என் கையிலும் வைப்பார். சூடாக இருக்கும். மூட்டைக்குள் கையை விட்டால் காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டது போல. அப்பா தன் பிடி நெல்லோடு வரம்பில் நின்று கண்ணை மூடுவார். "ஆண்டவரே, இந்த விதைக்கு நன்றி. மழைக்கு நன்றி. சேற்றில் இறங்க இரண்டு கால் தந்ததற்கு நன்றி." அவ்வளவுதான். நல்ல விளைச்சல் தாரும் என்று அந்த வரம்பில் அவர் கேட்டு நான் கேட்டதில்லை. எங்கள் வயலைச் செய்து தந்த மாமா நாள், நேரம் பார்த்துக் கிழக்கு நோக்கிக் கும்பிடுவார். அவர் கும்பிட்டு முடியும்வரை அப்பா நிற்பார், அப்பா முடிக்கும்வரை அவர் நிற்பார். அதன்பிறகுதான் வீசி விதைப்பு.

ஒருமுறை விதைத்து மூன்றாம் நாள் அடித்த மழை விதையை முழுக்க வழித்து ஒரு மூலையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. மறுவிதைப்பு. அப்பா திரும்பவும் வரம்பில் நின்றார். ஆனால் அன்றைக்கு ஜெபம் மிகச் சுருக்கம், முகமும் நல்லாயில்லை. அந்தச் சுருக்கமான ஜெபம்தான் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

வான்கோழிக்காரரையும் குறைவாக எடைபோடக்கூடாது. அமெரிக்காவில் நவம்பர் கடைசியில் நாடு முழுக்க நன்றி நாள் வையுங்கள் என்று ஆபிரகாம் லிங்கன் அறிவித்தது 1863இல், உள்நாட்டுப் போருக்கு நடுவில். அங்கே அது நவம்பர் நான்காம் வியாழன். ஒருநாள் சும்மா இருந்து பழைய கலண்டர் கணக்குப் பார்த்தேன். 1978 நவம்பர் 23, எங்கள் ஊரைச் சூறாவளி பிய்த்துப் போட்ட நாள், அதுவும் நவம்பர் நான்காம் வியாழன்தான். அதாவது அங்கே ஒரு பாதி உலகம் மேசையில் உட்கார்ந்து நன்றி சொன்ன அதே திகதியில் இங்கே சுமார் 900 பேர் போய்விட்டார்கள். தென்னைகள் தலை இல்லாமல் நின்றதை அம்மா இப்போதும் சொல்வார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊரில் நன்றியைப் பற்றிப் பேசுகிறவர் கவனமாகப் பேச வேண்டும். நானே கவனமில்லாமல் பேசியவள்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். எங்கள் வீடு அப்போது கடலோரக் கல்லடியில். காலையிலேயே பாலம் கடந்து புளியந்தீவுப் பக்கம் ஆராதனைக்கு வந்துவிட்டோம். அதனால் பிழைத்தோம். ஜனவரியில் ஒரு ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்ல மைக்கைத் தந்தார்கள். "கர்த்தர் எங்களை நேசித்தபடியால் காப்பாற்றினார்" என்று சொன்னேன். நல்லாய் அழுதும் சொன்னேன். மூன்றாம் வரிசையில் நாவலடியைச் சேர்ந்த ஒரு அம்மா இருந்தார், இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர். நான் முடிக்குமுன் அவர் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மழைக்குள் இறங்கிப் போனார். அவருடைய பிள்ளைகளைக் கர்த்தர் நேசிக்கவில்லையா? யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சுகமாக இருந்திருக்கும்.

லூக்கா 18இல் ஒரு பரிசேயன் ஜெபிக்கிறான். "மற்ற மனுஷரைப்போல இராததனால்" என்று ஆண்டவரை ஸ்தோத்திரிக்கிறான். பல வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: இயேசு ஏற்றுக்கொள்ளாத அந்த ஜெபம் ஒரு நன்றி ஜெபம். என்னுடையதும் அந்த வகைதான். வெள்ளத்தில் முகாமில் இருக்கிற சனத்தின் படத்தைப் போட்டு "நமக்குக் கிடைத்த வாழ்வுக்கு நன்றி சொல்வோம்" என்று பகிர்கிறோமே, அதுவும் அதே வகை. தயவுசெய்து இந்த நவம்பரில் செய்யாதீர்கள். முகாமில் இருப்பவரிடமும் போன் இருக்கிறது.

"எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். எல்லாவற்றிலேயும், அதாவது எந்த நிலைமைக்குள் இருந்தாலும். எபேசியரில் "எல்லாவற்றிற்காகவும்" என்று இருக்கிறதே என்று யாராவது கீழே எழுதுவீர்கள். தெரியும். அந்த வசனத்தோடு எனக்கு இன்னும் வழக்கு முடியவில்லை.

சரி, மைக் இல்லாமல், வான்கோழி இல்லாமல், இந்த மழை மாதங்களில் எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. அம்மாவிடமிருந்து வந்த பிடியரிசி. உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடி எடுத்துப் பழைய பால்மா ரின்னில் போடுவது. பழைய ஆட்களுக்குத் தெரியும், எல்லாச் சமயத்தவர் வீட்டிலும் இருந்த பழக்கம். நான் சேர்த்தது ஒன்றே ஒன்று: நவம்பரில் இரண்டு பிடி. அந்த மாதத்தில்தான் கூலிவேலைக்குப் போகிறவர்கள் வீடுகளில் அடுப்பு யோசித்து எரியும். ரின் நிறைந்தால் மகன் கொண்டுபோவான். யாருக்கு என்று வீட்டுக்குள்ளேயும் பேசுவதில்லை.

ஒக்டோபர் செபமாலை மாதம். அம்மாவின் பக்கத்து உறவுகள் மாதா சொரூபத்தை வீட்டுக்கு வீடு கொண்டுவருவார்கள். செபம் முடிந்து கடலையும் பிளேன்ரீயும் கொடுக்கிற நேரத்தில், அன்று தனக்கு உதவிய ஒரு ஆளின் பெயரை எங்கள் பிள்ளைகள் சொல்ல வேண்டும். அம்மா, அப்பா, இயேசு என்று சொல்லித் தப்ப முடியாது. முதல் கிழமை ரீச்சர்மார் எல்லாரும் முடிந்துவிடுவார்கள். அப்புறம்தான் பஸ் கொண்டக்டர், பாண்காரர், வாய்க்காலில் விழுந்த சைக்கிளைத் தூக்கிவிட்ட ஆமிக்கார அண்ணா என்று வரும். கடைசியாகச் சொன்ன பெயரைக் கேட்டு நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிள்ளைகளுக்கு எங்கள் போர்க்காலக் கணக்குகள் தெரியாது. தெரியவைக்கவும் இல்லை.

இயேசு சுகமாக்கிய குஷ்டரோகிகள் பத்துப் பேரில் ஒருவன்தான் நன்றி சொல்லத் திரும்பி வந்தான். அந்தத் திரும்பி வருதல்தான் எங்களுக்குக் கஷ்டம். தமிழில் நெருங்கியவருக்கு "நன்றி" என்று சொன்னால் ஏதோ கோபம் என்று நினைப்பார்கள். வானொலியில் சொல்கிற சொல் அது. நாங்கள் பீங்கானில் சொல்கிறவர்கள். பக்கத்து வீட்டுப் பீங்கானை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கரண்டி சீனியாவது போட்டுக் கொடுக்க வேண்டும் என்று எந்த வேதப் பாடசாலையும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு முஸ்லிம் அக்கா, ராத்தா என்போம், அவர் வீடு. பெருநாளுக்கு வட்டலப்பம் அங்கிருந்து வரும், நத்தாருக்குக் கேக் இங்கிருந்து போகும். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. சீயோன் தேவாலயத்துக் குண்டுவெடிப்பில் பிள்ளைகள் செத்துப்போனபிறகு எங்கள் ஒழுங்கையில் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. ராத்தா என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. எனக்கும் தெரியும். ஆனாலும் கேற்றைக் கடந்து போகும்போது நான் போனைப் பார்த்துக்கொண்டு போனேன். பெருநாளும் வந்தது, போனது.

அந்த ஒக்டோபரில் ஒருநாள் செபமாலை முடிந்து பாத்திரம் கழுவும்போது, தட்டின் மேலே கவிழ்ந்து கிடந்த நீலப் பூப் போட்ட பீங்கானை எடுத்து அம்மா கேட்டார்: "இது ஆர்ர?"

நான் பேசவில்லை. அம்மா மிஞ்சிய கடலையை அதில் கொட்டினார், மேலே இரண்டு துண்டு தேங்காய்ச் சொட்டு வைத்தார், ஒரு வாழையிலைத் துண்டால் மூடினார். "மழை விட்டிருக்கு, இப்பவே போ" என்றார்.

கேற்றைத் திறந்த ராத்தா என்னைப் பார்க்கவில்லை, பீங்கானைத்தான் பார்த்தார். "இது உங்கட வீட்டயா புள்ள கிடந்த? உடைஞ்சு போயிட்டெண்டெல்லோ நினைச்சிருந்தன்" என்றார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, நானும் நிற்கவில்லை.

நாலாம் நாள் அந்திக்குள் அவருடைய சின்ன மகன் வந்து கேற்றைத் தட்டினான். நனையாமல் சேர்ட்டுக்குள் ஒளித்துக்கொண்டு வந்திருந்தான், அதே பீங்கான். உள்ளே சூட்டோடு வாழைப்பழப் பணியாரம், ஏழு. ஒன்றை வழியில் தான் சாப்பிட்டுவிட்டதாக அவனே சொன்னான்.